ஹீட்டர் ஃபேனும் ஆறு மாத மாமனாரும்

"பயணிகளின் கவனத்திற்கு. ஹீட்டர் ஃபேன் நின்றுவிட்டது. ஹீட்டர் ஃபேன் நின்றுவிட்டது."

பின் சீட்டிலிருந்து மாமனார் அறிவித்தார்.

காரில் இருந்த மற்ற ஒரே பயணி, டிரைவர் சீட்டில் இருந்த பெரிய மாப்பிள்ளை. நாளைய பயணத்துக்கு வண்டியை ஒரு முறை ஓட்டிப் பார்க்க ஏறியிருந்தார்கள்; கார் இன்னும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அவருடைய முஷ்டி மட்டும் டேஷ்போர்டின் மேல், குற்றம் நடந்த இடத்திலேயே இருந்தது.

ஒரு வாரமாக அந்த ஃபேன் 'டர்ர்ர்... டக், டர்ர்ர்... டக்' என்று கத்திக்கொண்டிருந்தது. கத்தினாலும் வேலை செய்தது. வீட்டில் எல்லோருமே அப்படித்தானே என்று அவரும் விட்டிருந்தார். இன்று காலை பொறுமை போய் ஒரு குத்து விட்டார். கத்தல் நின்றது. கூடவே காற்றும் நின்றது.

"கேட்டுது மாமா," என்றார் அலுப்பாக. "ஒரு தடவை சொன்னாலே கேட்கும்."

"ரெண்டு தடவை சொன்னாத்தான் மாப்பிள்ளை பத்துல நாலு பேருக்காவது கேட்கும். இது என் சர்வீஸ் அனுபவம்."

மாமனார் முப்பத்தோரு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். மைக்கை அரசாங்கம் வாங்கிக்கொண்டது. குரலை வாங்க மறந்துவிட்டது. ஆறு மாதமாக அந்தக் குரல் இந்த வீட்டில்தான் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு, "குளியலறை காலியாக உள்ளது. குளியலறை காலியாக உள்ளது." ஏழு மணிக்கு, "பால் பொங்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கிறது." இரவு ஒன்பதுக்கு, தன் தூக்கத்தைத் தானே அறிவித்துவிட்டுத்தான் படுப்பார்.

பெரிய மாப்பிள்ளை லிஃப்ட் இன்ஸ்பெக்டர். லிஃப்டைச் சோதிக்க வேண்டுமானால் முதலில் அதை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டால் மொட்டை மாடிக்குப் படியேறித்தான் போக வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் படியேறுகிறவருக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமை ஒரு தூக்கம். அதைத் தூங்க வேண்டிய சின்ன அறையில்தான் மாமனார் இருக்கிறார்.

மனைவிக்கு ஒரு தங்கை. அப்பா அங்கே ஆறு மாதம், இங்கே ஆறு மாதம். முறை முடிந்த வீட்டார்தான் கொண்டுபோய் விட வேண்டும் என்பது இரண்டு குடும்பமும் கூடிப் பேசிய ஏற்பாடு. நாளை திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குள் மாமனார் அங்கே இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை சின்ன மாப்பிள்ளை வேலை விஷயமாக மூன்று மாதம் வெளியூர் போகிறார். மாமனார் வந்துவிட்டால் தங்கை வீட்டில் இருப்பாள்; வராவிட்டால் அவளும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிடுவாள். நாளையைத் தவறவிட்டால் ஆறு மாதம் ஒன்பதாகும்.

மூன்று மணி நேரப் பயணம். வெளியே மூச்சு விட்டால் புகை வருகிற குளிர். மாமனாருக்கு நெஞ்சில் சளி. ஹீட்டர் ஃபேன் ஓடாவிட்டால் அவரும் தாங்கமாட்டார், முன் கண்ணாடியும் பனி படர்ந்து எதிரே லாரி வந்தாலும் தெரியாது.

"பஸ்ஸுல போயிடலாமே மாமா?" என்று போன வாரமே தூண்டில் போட்டுப் பார்த்திருந்தார்.

"முப்பத்தோரு வருஷம் ஊரையே பஸ்ஸுல ஏத்திவிட்டேன் மாப்பிள்ளை. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், ரிட்டையர் ஆனப்புறம் பஸ் பக்கம் தலைவெச்சும் படுக்கிறதில்லைன்னு."

டாக்ஸி? "அப்பாவைப் பார்சல் போடுற மாதிரி இருக்கு," என்று மனைவி ஒரே வரியில் கதையை முடித்திருந்தாள்.

தெருமுனை மெக்கானிக் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. ஞாயிறு.

பெரிய மாப்பிள்ளை காரை விட்டு இறங்கி, செல்போனை எடுத்தார்.

"சகலை!" என்று மறுமுனையில் உற்சாகம் பொங்கியது. சின்ன மாப்பிள்ளை. "சொல்லுங்க சகலை. மாமாவுக்கு ரூமெல்லாம் ரெடி. போர்வை கூடப் புதுசு!"

"போர்வை இருக்கட்டும் சகலை. இங்க கார்ல ஹீட்டர் ஃபேன் மண்டையைப் போட்டுடுச்சு."

"ஐயய்யோ!"

அந்த 'ஐயய்யோ'வில் இருந்த அக்கறை பெரிய மாப்பிள்ளையின் நெஞ்சைத் தொட்டது. சின்ன மாப்பிள்ளைக்குக் கார் விஷயம் அத்துப்படி என்று குடும்பத்தில் பேச்சு. எந்தக் கல்யாண வீட்டிலும் நாலு பேரை நிற்கவைத்து இன்ஜின் பற்றிப் பாடம் எடுப்பார்.

"ஒரு நிமிஷம் சகலை, யோசிக்கிறேன்," என்றார் சின்ன மாப்பிள்ளை. யோசித்தார். "ஃபியூஸ்தான். சந்தேகமே இல்ல. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு டப்பா இருக்கும் பாருங்க. உள்ள இருக்கிற ஃபியூஸ் எல்லாத்தையும் உருவிடுங்க. துடைச்சு மறுபடி மாட்டுங்க."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

இருபத்திரண்டு வருட சர்வீஸில் பெரிய மாப்பிள்ளை ஆயிரம் பழுதுகளைக் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருகியதில்லை. லிஃப்டில் கோளாறு என்றால் பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டிவிட்டு வந்துவிடுவார். 'பழுது. உபயோகிக்காதீர்.' மற்றதெல்லாம் வேறு யாருடைய தலைவலியோ.

இன்று அந்தத் தலைவலி இவருடையது.

"மாமா, டார்ச் பிடிங்க."

"டார்ச் பிடிக்கப்படுகிறது," என்றார் மாமனார்.

இருபத்தாறு ஃபியூஸ். கலர் கலராகச் செய்தித்தாளின் மேல் வரிசையாக வைத்தார். இருபத்தாறாவதை வைத்தபோது மாமனாருக்குத் தும்மல் வந்தது. சாதாரணத் தும்மல் அல்ல, ஒலிபெருக்கி இல்லாமலே மூன்று பிளாட்பாரங்களுக்குக் கேட்ட தொண்டையின் தும்மல். செய்தித்தாள் எழும்பிப் புரண்டது. வரிசை காலி.

"மாமா!"

"வருந்துகிறோம்," என்றார் மாமனார்.

குத்துமதிப்பாக மாட்டினார். சாவியைத் திருகினார். ஃபேன் சுற்றவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், அது பாதி இறங்கி, பிறகு மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நின்றது. அந்த இடைவெளி வழியாகக் குளிர் வீட்டு மனுஷன் மாதிரி உள்ளே வந்தது.

மனைவி வாசலுக்கு வந்தாள். கையில் இஸ்திரி போட்ட அப்பாவின் சட்டை.

"என்னங்க, ஃபேன் சரியாச்சா?"

"பாதி."

"எந்தப் பாதி?"

அவர் போனை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் சகலை, யோசிக்கிறேன்," என்றார் சின்ன மாப்பிள்ளை. இந்த முறை கொஞ்சம் நீண்ட யோசனை. "புரிஞ்சுபோச்சு. வண்டியோட மூளை குழம்பியிருக்கு. பேட்டரி ஒயர் ரெண்டையும் கழட்டிடுங்க. பத்து நிமிஷம் விடுங்க. மாட்டுங்க. பொறந்த குழந்தை மாதிரி ஆயிடும்."

அது சத்தியமான வார்த்தை. பத்து நிமிடம் கழித்து ஒயரை மாட்டியதும் கார் பிறந்த குழந்தை மாதிரியே வீறிட்டு அலறத் தொடங்கியது.

திருட்டு அலாரம். 'வீவ் வீவ் வீவ்' என்று எட்டு வீட்டுக்குக் கேட்டது. சாவியை அழுத்தினார், நிற்கவில்லை. கதவைத் திறந்து மூடினார், இன்னும் ஆக்ரோஷம். எதிர்வீட்டு டீச்சர் தலையில் துண்டோடு வெளியே ஓடி வந்தார்.

"என்ன சார் ஆச்சு? திருடனா?"

பெரிய மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அதற்குள் மாமனார் கேட்டருகே போய், இரண்டு கைகளையும் வாயருகே குவித்து நின்றுவிட்டார்.

"பொதுமக்களின் கவனத்திற்கு! யாரும் பதற வேண்டாம்! மாப்பிள்ளை கார் ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார்! மாப்பிள்ளை கார் ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார்!"

அதுவரை எட்டிப் பார்க்காத வீடுகளும் எட்டிப் பார்த்தன.

"மாமா, நீங்க உள்ள போங்க."

"டார்ச்?"

"பகல்ல எதுக்கு மாமா டார்ச்!"

"நீங்கதானே பிடிக்கச் சொன்னீங்க மாப்பிள்ளை."

சொன்னார்தான். அவர் பேட்டரியையே அடியோடு கழற்றித் தூக்கி வந்து வாசற்படியில் வைத்தார். அலாரம் நின்றது. அந்த அமைதியில் தன் முதுகெலும்பு 'கடக்' என்றது அவருக்கு மட்டும் கேட்டது.

மணி பன்னிரண்டு.

"பேட்டரி வெளியில வந்துடுச்சா? நல்லதுதான் சகலை!" என்றார் சின்ன மாப்பிள்ளை. "இனிமே ஷாக் அடிக்குமோங்கிற பயமில்லாம வேலை பார்க்கலாம். ஒரு நிமிஷம்... ஆங். ஃபேன் டேஷ்போர்டுக்கு உள்ள பதுங்கியிருக்கும். குனிஞ்சு பார்க்க இடம் வேணும். முன் சீட்டைக் கழட்டிடுங்க."

"சீட்டையா?"

"நாலே நாலு போல்ட்டு. வீடு கிட்டத்துல இருந்தா நானே ஓடி வந்திருப்பேன். மாமாவை நினைச்சா மனசு அடிச்சுக்குது."

"உங்களை மாதிரி ஒரு சகலை கிடைக்கக் கொடுத்துவெச்சிருக்கணும்," என்றார் பெரிய மாப்பிள்ளை. குரல் தழுதழுத்தது. பசியாகவும் இருக்கலாம்.

நாலு போல்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மூன்றாவது போல்ட்டில் ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி தோல் உரிந்தது. சீட்டை இழுத்து வந்து வாசல் சுவரோரம் வைத்தார். திரும்பி வந்து பார்த்தபோது மாமனார் கால் மேல் கால் போட்டு அதில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சீட் பெல்ட் கிடைக்காமல் இடுப்பருகே தேடிக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டு டீச்சர் குப்பையைப் போட வந்தவர் நின்றார்.

"காரை முழுசா விக்கிறீங்களா சார், இல்ல உதிரியாவா?"

பெரிய மாப்பிள்ளை டேஷ்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். பதில் சொல்லாமல் தப்பிக்க அதுதான் வழி. உள்ளே டேஷ்போர்டுப் பெட்டி தடுத்தது. இழுத்தார். 'டப்'. பெட்டியின் மூடி கையோடு வந்துவிட்டது. பின்னால் சிடுக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி ஒயர்கள். ஃபேன் எது, மற்றது எது என்று அந்த ஃபேனுக்கே தெரியாது.

மனைவி ஒரு தட்டில் சாப்பாட்டை மூடி எடுத்து வந்தாள். காரைப் பார்த்தாள். வாசற்படியில் பேட்டரி. சுவரோரம் சீட், சீட்டில் அப்பா. புல்லின் மேல் மூடி. தரையில் பரப்பிய ஸ்பேனர்கள். நடுவில் இரண்டு கால்கள்.

"நான் ஒண்ணு கேட்கட்டுமா?" என்றாள் கால்களிடம்.

"வேணாம்," என்றன கால்கள்.

"காலையில வண்டி ஓடிட்டிருந்துது. சத்தம் மட்டும்தான் வந்துது."

"தெரியும்."

"இப்ப எல்லாமே வெளியில வந்துடுச்சு. சத்தம் மட்டும்தான் வரல."

"அதான் வேணாம்னு சொன்னேன்."

கடைசியாக ஒரு முறை போன் செய்தார். இந்த முறை சின்ன மாப்பிள்ளை யோசிக்க மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டார். மருத்துவர்கள் கூடிப் பேசிவிட்டுத் தகவல் சொல்வதுபோல் குரல் தாழ்ந்திருந்தது.

"சகலை, மனசைத் தேத்திக்குங்க. ஹீட்டருக்குப் போற குழாயில அடைப்பு. ரேடியேட்டருக்குக் கீழே ஒரு திருகு இருக்கும். அதைத் திறந்து பச்சைத் தண்ணி மொத்தத்தையும் வெளியில விட்டுடுங்க."

"மொத்தமுமா?"

"கடைசிச் சொட்டு வரைக்கும்."

திறந்தார். கூலன்ட் பச்சையாக வழிந்து வாசலில் குளமாகி, கேட்டுக்கு அடியில் ஓடி, தெருவைக் கடந்து டீச்சர் வீட்டுப் பக்கம் போனது. திருகை மறுபடி மூடிவிட்டு எழுந்தார். இந்தக் கார் இனி ஒரு அங்குலம் நகராது என்பதற்கு இன்ஸ்பெக்டர் சான்றிதழ் எதுவும் தேவைப்படவில்லை.

மணி நாலு. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. சரி, போதும், சீட்டையாவது மாட்டிவிட்டு உள்ளே போகலாம் என்று குனிந்தார்.

நாலு போல்ட்டையும் காணோம்.

தரையைத் தடவினார். புல்லைக் கோதினார். ஃபியூஸ் டப்பாவின் ஸ்க்ரூவையும் காணோம், பேட்டரியின் நட்டுகளையும் காணோம். காலையிலிருந்து கழற்றிய எதுவுமே தரையில் இல்லை.

மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். சுவரோரம், முன் சீட்டில், மாமனார். காலையிலிருந்து பக்கத்திலேயே இருந்தவர். தும்மியவர். ஊரைக் கூட்டியவர்.

ஆறு மாதம் சேர்த்துவைத்தது வாய்க்கு வந்துவிட்டது.

"மாமா, உங்களுக்கு இங்கேருந்து போக இஷ்டமில்லைன்னா நேராச் சொல்லியிருக்கலாம். இப்படிப் போல்ட்டை ஒளிச்சுவெச்சு விளையாடணும்னு இல்ல. நான் வாரம் பூரா மாடி ஏறி இறங்கறவன். எனக்கும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் எதையும் அறிவிக்காத வீடு வேணும்."

மனைவி வாசலில் நின்றிருந்தாள். அவள் கேட்டுவிட்டாள் என்று அவருக்குச் சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது.

மாமனார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். ஸ்வெட்டர் பையிலிருந்து ஒரு நீளமான பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். அவருடைய மாத்திரை டப்பா. ஏழு அறை, ஏழு கிழமை.

ஞாயிறு அறையைத் திறந்து காட்டினார். ஃபியூஸ் டப்பாவின் ஸ்க்ரூக்கள். திங்கள் அறையில் பேட்டரியின் நட்டுகள். செவ்வாயில் சீட்டின் நாலு போல்ட்டும் எண்ணெய் துடைத்துப் பளபளவென்று இருந்தன. புதனில் டேஷ்போர்டுப் பெட்டி மூடியின் உடைந்த கொக்கிகூடப் பத்திரமாக இருந்தது.

"நீங்க கழட்டிக் கழட்டித் தரையில போட்டீங்க," என்றார். "உருண்டு ஓடிடுமேன்னு வரிசையா எடுத்துவெச்சேன்."

"அப்ப உங்க மாத்திரை?" என்றாள் மகள்.

"சட்டைப் பையில இருக்கும்மா."

பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "பெட்டி கட்டி நாலு நாள் ஆச்சு மாப்பிள்ளை," என்றார்.

ஒரு தடவைதான் சொன்னார். இரண்டாவது தடவை வரும் என்று பெரிய மாப்பிள்ளை காத்திருந்தார். வரவில்லை. முதல் தடவையே நன்றாகக் கேட்டிருந்தது.

அறிவிப்பு இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று ஆறு மாதம் கழித்து அவருக்குத் தெரிந்தது. அவ்வளவு ஒன்றும் நன்றாக இல்லை.

"சரி, குளிர்ல நின்னு என்ன பண்றது," என்றார் மாமனார். சீட்டின் பின்பக்கப் பையில் கைவிட்டு ஒரு புத்தகத்தை உருவினார். வண்டி வாங்கியபோது கொடுத்த கையேடு. பிளாஸ்டிக் உறையே இன்னும் பிரிக்கப்படவில்லை. "நானும் மத்தியானத்துலேருந்து இதுமேலதான் சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கேன், முதுகுல குத்துது. இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்களேன்."

"நீங்களே படிங்க மாமா," என்றார் பெரிய மாப்பிள்ளை. கொஞ்சம் தயங்கி, "சத்தமா," என்றார்.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். குரல் தன் பழைய உயரத்துக்கு ஏறியது.

"ஹீட்டர் ஃபேனில் இரைச்சல் ஏற்பட்டாலோ, ஃபேன் நின்றுவிட்டாலோ, இடது முன் சீட்டில் அமர்பவர் கால் வைக்கும் இடத்திற்கு மேலே உள்ள மூன்று திருகுகளைக் கழற்றவும். ஃபேன் கையில் இறங்கும். தூசி, இலை முதலியவற்றை நீக்கவும். மூன்று திருகுகளைக் கழற்றவும்."

"ரெண்டாவது தடவையும் அதுல போட்டிருக்கா?"

"இல்ல. அது நான்."

மூன்று திருகு. மூன்றே மூன்று. பெரிய மாப்பிள்ளை டார்ச்சைக் கேட்டார். மாமனார் பிடித்தார். இரண்டு நிமிடத்தில் ஃபேன் குருவிக்கூடு மாதிரி உள்ளங்கையில் இறங்கியது.

அதன் இறக்கைகளுக்கு நடுவே ஒரு காய்ந்த இலை. இலையோடு சேர்ந்து சுருண்டு, இறக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சிவப்புக் காகிதம். பிரித்தார். டேஷ்போர்டின் மேல் கிடந்து, காற்று ஓட்டை வழியாக எப்போதோ உள்ளே நழுவிய அவருடைய ஆபீஸ் ஸ்டிக்கர்.

'பழுது. உபயோகிக்காதீர்.'

மனைவிதான் முதலில் சிரித்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். மாமனார் இருமலும் சிரிப்புமாகச் சீட்டில் சரிந்தார். பெரிய மாப்பிள்ளை சிரிக்கத் தெம்பில்லாமல் அந்த ஸ்டிக்கரை எடுத்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கையேட்டில் எந்த ஃபியூஸ் எங்கே என்று படமே இருந்தது. மாமனார் படிக்க, அவர் மாட்டினார். "பதினான்காம் எண் ஃபியூஸ், நீல நிறம், மேல் வரிசைக்கு வந்து சேரவும்." செவ்வாய் அறை காலியானது, சீட் உட்கார்ந்தது. திங்கள் காலியானது, பேட்டரி உட்கார்ந்தது. மனைவி பெட்ரோல் பங்குக்கு நடந்துபோய் கூலன்ட் கேனோடு வந்தாள். டேஷ்போர்டுப் பெட்டியின் மூடி மட்டும் நிற்கவில்லை. அதை இஸ்திரிக்காரரிடமிருந்து சட்டை கட்டி வந்த சணலால் மனைவி கட்டிவைத்தாள்.

ஆறரை மணிக்கு மூவரும் ஏறி உட்கார்ந்ததும் பெரிய மாப்பிள்ளை சாவியைத் திருகினார். இன்ஜின் உறுமியது. பாதியில் நின்ற கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டு மேலே ஏறியது. ஃபேனின் குமிழை ஒன்றில் வைத்தார்.

சத்தமே இல்லை. ஒரு கணம் மூவரும் மூச்சைப் பிடித்தார்கள். பிறகு காற்று வந்தது. முதலில் குளிராக, பிறகு வெதுவெதுப்பாக, பிறகு இதமாக.

யாரும் இறங்கவில்லை. மாமனார் முன் சீட்டில், காற்று ஓட்டைக்கு நேரே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தார். மனைவி பின் சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கட்டுங்க," என்றாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும் மாப்பிள்ளை?" என்றார் மாமனார், கைகளைப் பார்த்தபடி.

"ஆறரைக்குக் கிளம்பினாப் போதும் மாமா."

"அப்ப அஞ்சரைக்கே எழுந்துக்கிறேன்."

"எழுந்துட்டு..." பெரிய மாப்பிள்ளை உரிந்த விரலை ஊதிக்கொண்டார். "எழுந்துட்டு ஒரு அறிவிப்பு குடுத்துடுங்க. நான் அசந்து தூங்கிடுவேன்."

மாமனார் தலையசைத்தார்.

வண்டியைச் சரிசெய்தது தப்போ என்று ஒரு யோசனை பெரிய மாப்பிள்ளைக்குள் எட்டிப் பார்த்தது. உடம்பில் ஒவ்வொரு எலும்பும் அதைத் திட்டி அனுப்பியது. ஏற்பாடு ஏற்பாடுதான். அங்கே ஒருத்தர் புதுப் போர்வையோடு காத்திருக்கிறார். காலையிலிருந்து தன் வேலையெல்லாம் விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்து சொல்வதுபோல் சொல்லிக்கொடுத்த மனுஷன். முதல் வேலையாக அவருக்குத்தான் நல்ல செய்தியைச் சொல்ல வேண்டும்.

காரை விட்டு இறங்கிக் கேட்டருகே போய் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் எடுத்த குரல் சின்ன மாப்பிள்ளையுடையது இல்லை. கரகரப்பான, நடுவயசுக் குரல்.

"ஹலோ, சார் மாடியில டிரஸ் எடுத்துவெச்சிட்டிருக்கார். நீங்க யாரு?"

"நான் அவரோட சகலை பேசறேன். நீங்க?"

"ஓ, பெரிய சகலை சாரா! நான் இங்க பக்கத்துத் தெருவுல மெக்கானிக் கடை வெச்சிருக்கேன் சார். சொல்லுங்க, நான் சொல்லிடறேன்."

"ஒண்ணுமில்லப்பா, வண்டி சரியாயிடுச்சு. ஃபேன் ஜம்முனு ஓடுது. நாளைக்குப் பத்து மணிக்கு மாமாவைக் கூட்டிட்டு வந்துடறோம்னு சொல்லிடுங்க."

மறுமுனையில் தொழில் கௌரவம் அடிபட்ட ஒரு மனிதனின் வேதனைக் குரல் கேட்டது.

"அது எப்படி சார் ஓடும்? 'வண்டி நாளைக்கு நகரவே கூடாது, ஆனா ரிப்பேர் பண்ற மாதிரியே இருக்கணும்'னு அந்த சார் கேட்டதுக்கு, லீவு நாள்னுகூடப் பார்க்காம காலையிலேருந்து பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொண்ணா எடுத்துக்கொடுத்ததே நான்தானே சார்!"